கிரகணத்துக்குச் சம்பந்தமில்லை

கிரகணம் என்று மலைமேல் கோயில் நடையை மத்தியானமே சாத்திவிட்டார்கள். அடிவாரத்தில், ஷேர் ஆட்டோ ஓட்டும் விஜயன் வீட்டில், அவன் அம்மா கௌரியம்மாள் ஜன்னல் இடுக்கில் எல்லாம் துணி அடைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் பிரபாவதிக்கு ஆறு மாசம். கிரகணத்தில் பிள்ளைத்தாய்ச்சி வெளியே தலை காட்டினால் குழந்தைக்கு உதடு பிளந்துவிடுமாம்.

பிரபாவதியே பிளந்த உதட்டோடு பிறந்தவள்தான். மேலுதட்டில் தையல் தழும்பு இன்னும் இருக்கிறது. அவளைப் பெற்றவள் பொதட்டூர்பேட்டையில் தறி நெய்தவள். "கிரகணத்துல அடங்காம திரிஞ்சவ" என்று ஊரே ஏசியது. "நான் வெளிய போகவே இல்லடி" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அதை மகளே பாதிதான் நம்பினாள், பாவி. கிரகணக் கோளாறுதான், வம்சக் கோளாறு இல்லை என்று விசாரித்துத்தான் கௌரியம்மாளும் சம்பந்தம் பேசினாள்.

போன வாரம் அரக்கோணத்தில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா பக்குவமாகத்தான் சொன்னாள். "குழந்தைக்கு மேலுதடு சேரல. பயப்படாதீங்க, பொறந்தப்புறம் ஆபரேஷன்ல சேர்த்துடலாம். சில குடும்பத்துல வர்றதுதான்." புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கு மட்டும்தான் இது தெரியும்.

கிரகணம் பிடிக்கப் போகிற நேரம். விஜயன் அவளைப் புழக்கடைக்குக் கூப்பிட்டான்.

"பிரபா, கிரகணம் புடிச்சதும் சும்மா வாசல்ல வந்து நின்னுட்டு போயிடு. நாலு பேர் பார்த்தா போதும். நாளைக்கு கொழந்தய பார்த்தா, கிரகணத்தாலன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. வம்சம் அது இதுன்னு அம்மா ஆடாது."

"அப்போ தப்பு என்னுது ஆயிடும்?"

"ரெண்டு நாள் திட்டும். அப்பால சரியாயிடும்."

கெட்டவன் இல்லை இவன். அம்மா முன்னால் மட்டும் முதுகெலும்பு இருக்காது. அதைப் பார்க்க எந்த ஸ்கேனும் கிடையாது, என்ன செய்ய? தன் அம்மாவையும் இப்படித்தான் ஆளாளுக்குச் சேர்ந்து குற்றவாளி ஆக்கியிருப்பார்கள் என்று அப்போதுதான் பிரபாவதிக்கு உறைத்தது.

நேராக இருட்டு அறைக்குள் போனாள். "அத்தை, வெளிய தாழ்ப்பா போடுங்க. எதிர்வூட்டு தேவகியக்காவையும் கூப்ட்டு கதவாண்ட உக்கார வையுங்க."

அடக்கமான மருமகள் என்று கௌரியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை.

கிரகணம் விட்டது. தலைக்கு ஊற்றிக்கொள்ளத் தெருக்குழாயில் பெண்கள் கூடிவிட்டார்கள். பிரபாவதி வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, நான் வெளிய வந்தேனா?"

"ஐயோ, எட்டிக்கூட பாக்கலியே!" என்றாள் தேவகி.

"அத்தை, நீங்க சொல்லுங்க."

"ஆங், ஒரு வாய் தண்ணிகூட குடிக்கல. தங்கம்!"

"அப்படின்னா எல்லாரும் கேட்டுக்குங்க. என் கொழந்தைக்கு உதடு பிளந்துதான் இருக்கு. போன வாரமே ஸ்கேன்ல பார்த்தாச்சு. கிரகணமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எங்கம்மாவும் ஒரு தப்பும் பண்ணல."

"அடிப்பாவி! உன் வம்சத்து ஊனத்த எங்க வூட்ல கொண்டாந்து இறக்கிட்டியே!" கௌரியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"என் உதட்ட தச்சாங்க, கொழந்தைக்கும் தைப்பாங்க. உங்க நாக்க தைக்கத்தான் எந்த ஆஸ்பத்திரியிலயும் ஆள் இல்ல, அத்தை."

குழாயடியில் யாரோ சிரித்துவிட்டார்கள். விஜயன் ஆட்டோவுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொறந்தா மூஞ்சிய மூடித்தான் வெளிய தூக்கினு வரணும், சொல்லிட்டேன்!" என்று கத்தினாள் கௌரியம்மாள்.

"எங்கம்மா என்னை முந்தானையால மூடித்தான் தூக்கினா. நான் மூட மாட்டேன்."