பெற்ற பிள்ளைகள் மட்டும்

கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறங்கி எட்டு வருடம் ஆகிறது. அதிகாரம்தான் அவரை விட்டு இறங்கவில்லை. வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் மூன்று பிளாக்குகளுக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்தான். மாடிப்படியில் எதிரே வருகிறவர்களிடம்கூட "வழியில நிக்காத, உள்ள போ" என்கிற குரலில்தான் பேசுவார்.

பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறோம், யார் யாருக்கு வீடு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று வாரிய அதிகாரி வந்து சொன்னார். 'நீங்களே' என்ற சொல்லில் சங்கமே சொக்கிப்போயிற்று. வாரியத்துக்கு ஒரு தலைவலி குறைந்தது, கண்டக்டருக்குத் தலைக்கனம் கூடியது.

அதிகாரி அட்டையில் செய்த மாதிரிக் கட்டடம் ஒன்றையும் மேசைமேல் வைத்தார். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, இரண்டாவது மாடி பிளம்பர் மட்டும் குனிந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், பத்து மாடி இருக்கு, தண்ணித் தொட்டியக் காணோமே?" என்றார். மொட்டை மாடியில் தோட்டம் இருந்தது, ஊஞ்சல் இருந்தது, தொட்டி இல்லை. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை; ஆகவே கண்டக்டரும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து பிளம்பர் கண்டக்டரின் கண்ணை உறுத்தினார். இருபது வருடமாக எந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிற மனிதர் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. பிளம்பர் இருக்கும் வீடு அவருடைய பெரியப்பா பேரில் ஒதுக்கியது. அவரை எடுத்து வளர்த்த பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கண்டக்டருக்கு அது போதாதா?

அடுத்த கூட்டத்தில், பிளம்பர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, புது விதியை வாசித்தார்: "ஒதுக்கீட்டு ஆணையில் பெயர் உள்ளவர், அல்லது அவர் பெற்ற பிள்ளைகள். இவர்களுக்கு மட்டுமே புதிய வீடும் சங்கத்தில் ஓட்டும்."

"பாவம் தலைவரே, பிளம்பர் எங்க போவாரு?" என்று இழுத்தார் செயலாளர் அம்மாள். அழகு நிலையம் வைத்திருப்பவர்.

"பாவம் பாத்தா பத்தாவது மாடிதான். ஒருத்தர் குறைஞ்சா நமக்கு ஒரு மாடி கீழ கிடைக்கும். லிஃப்டை நம்பி மேல போறது யாரு?"

லிஃப்ட் என்றதும் அத்தனை முழங்கால்களும் ஒரே நேரத்தில் வலித்தன. விதி ஏகமனதாக நிறைவேறியது.

வாரியம் பழைய ஆணைகளைச் சரிபார்த்துப் பட்டியல் அனுப்பியது. தகுதி இல்லாதவர்கள் இருவர். முதல் பெயர் பிளம்பர். இரண்டாவது பெயரைப் பார்த்ததும் கண்டக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். அவர் பெயர்தான்.

அவர் வீட்டோடு மாப்பிள்ளை. வீடு செத்துப்போன மாமனார் பேரிலேயே இருந்தது. முப்பத்திரண்டு வருட அதட்டலிலும் உருட்டலிலும் குடியிருப்பே அதை மறந்துவிட்டது, அவரும் மறந்துவிட்டார். மறக்காதவள் மனைவி ஒருத்திதான். "அப்பா பேர்ல இருக்கறத மாத்தி எழுதிடலாங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், போன வருடம் அவளும் கண்ணை மூடிவிட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. பேர் மாற்ற வாரிய ஆபீஸில் தலைவர் போய் வரிசையில் நிற்பதா என்று போகாமலிருந்தவர் இவர்தான். அவள் புழங்கிய சமையலறையில் போய் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் அழுதார். போக்கிடம் என்று அவருக்கு வேறெதுவும் இல்லை.

வாரியத்துக்கு ஓடினார். அதிகாரி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "நாங்க என்ன சார் பண்ண முடியும்? இது மக்கள் எடுத்த முடிவு, நாங்க தலையிட்டா நல்லா இருக்காது. வேணும்னா உங்க கூட்டத்துலயே விதியை மாத்திட்டு வாங்க."

கூட்டம் கூடியது. கண்டக்டர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தாழ்ந்த குரலில் பேசினார். "கொஞ்சம் அவசரப்பட்டுட்டோம். மருமகனும் பிள்ளை மாதிரிதானே? மருமகன்னு ஒரு வார்த்தை சேத்துக்கலாம்னு நினைக்கறவங்க கை தூக்குங்க." பெரியப்பா வளர்த்த பிள்ளையைப் பற்றி அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை.

அவர் சொல்லிக்கொடுத்த மாடிக் கணக்கைச் சங்கம் நன்றாகவே கற்றிருந்தது. இரண்டு பேர் குறைந்தால் இரண்டு மாடி. ஒருவர் செருப்பைப் பார்த்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார். "நீங்க இல்லாம இந்தச் சங்கமே இல்ல தலைவரே" என்று ஒருவர் உருகினார். கை மட்டும் மடியிலேயே இருந்தது.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போன கை. பிளம்பர்.

கண்டக்டருக்கு வெட்கத்தில் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் வீடு வேண்டுமே. "ஒண்ணு" என்று எண்ணினார். தன் கையையும் தூக்கி, "ரெண்டு" என்றார்.

செயலாளர் அம்மாள் நோட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "அவருக்கு ஓட்டு இல்லைங்களே தலைவரே. உங்களுக்கும்தான். ஆதரவா யாரும் இல்லைன்னு எழுதிக்கறேன், கையெழுத்துப் போட்டுடுங்க."