பதினாறாவது சட்டை

எனக்கு வாய் நீளம். பிறந்த வீட்டிலும் சொன்னார்கள், புகுந்த வீட்டிலும் சொல்கிறார்கள். ஆனால் வேலையில் இவளைக் குறை சொல்ல முடியாது என்பதையும் கூடவே சொல்வார்கள். துப்பாக்கிக் குழல் சுற்றும் வேலையில் எனக்குப் பன்னிரண்டு வருடம். நான் சுற்றிய ஒரு குழல்கூடத் திரும்பி வந்ததில்லை.

போட்டியில் குறி பார்த்துச் சுடுகிறவர்களுக்கான துப்பாக்கிகள் அவை. குழல் முழுக்க எஃகாக இருந்தால் கனம் கையை இழுக்கும். அதனால் எஃகை மெல்லிசாகக் கடைந்து, அதன்மேல் பிசின் தோய்ந்த கார்பன் துணியைப் பதினாறு சுற்று சுற்றி, ஓவனில் வைத்து இறுக்குவோம். துணியின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட்டுத்தான் அடுத்த சுற்றைப் போட வேண்டும். பாம்பு சட்டை உரிப்பதுபோல வருவதால் எங்கள் பட்டறையில் அதற்குச் சட்டை என்றே பேர். ஒரு சட்டை உள்ளே தங்கிவிட்டால் மேல் சுற்றும் கீழ்ச் சுற்றும் ஒட்டவே ஒட்டாது. குண்டு சுடச்சுட இரண்டும் விலகிக்கொண்டே போகும். அதற்காக, உரித்த சட்டைகளை ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டி, குழலின் எண்ணை எழுதி வைப்போம். பதினாறு இருந்தால் குழல் வெளியே போகலாம்.

எண்ணிக் கையெழுத்துப் போடுகிறவனுக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். எதையும் சும்மா விடமாட்டான். எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

என் நாத்தனாரை வீட்டில் குருவி என்போம். ஆள் அவ்வளவுதான் இருப்பாள். முந்நூறு மீட்டர் தூரத்தில் சுடுகிறவள். தேர்வுப் போட்டியில் முதல் நான்கு பேருக்குள் வந்தால் நாட்டு அணியில் இடம். அவளுக்கான குழலைப் போன மாதம் நானேதான் கேட்டு வாங்கிச் சுற்றினேன். நம் வீட்டுப் பெண்ணுக்கு வேறு யாரோ சுற்றுவதா?

போட்டிக்கு முதல் நாள், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குருவி தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணி, பத்து ரவுண்டு வரைக்கும் சரியாத்தான் போகுது. குழல் சூடானதும் குண்டு மேல மேல ஏறுது. மூணு வாரமா இப்படித்தான். குழல்ல ஏதாவது இருக்குமோ?"

எனக்குச் சுருக்கென்றது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்றேன்.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாமியாருக்குச் சிரித்ததில் புரையேறிவிட்டது. என் வீட்டுக்காரர் அம்மாவின் தலையைத் தட்டிக்கொண்டே தானும் சிரித்தார். குருவியும் சிரித்தாள். பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "அப்ப என் கைதான் போயிடுச்சு போல. நாளையோட விட்டுடறேன் அண்ணி," என்றாள். கோபத்தில் சொல்கிறாள், நாளைக்குச் சரியாகிவிடுவாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போன பிறகும் எனக்கு ஆறவில்லை. என் குழலில் குறையா? அவளுடைய அட்டையைப் படமெடுத்து அனுப்பி வாயை அடைக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். ஆம், சண்டையில் ஜெயிப்பதற்காகத்தான் அந்த அட்டையை எடுத்தேன். வேறு நல்ல எண்ணம் எதுவும் எனக்கு இருக்கவில்லை.

எங்கள் சட்டைகள் வழக்கமாக நீல நிறம். அந்த வாரம் நீலச் சுருள் தீர்ந்து, நிறமே இல்லாத கண்ணாடித் தாள் போட்ட சுருள் வந்திருந்தது. "இது கண்ணுக்கே தெரியாதுக்கா, நீலம் வரட்டும்," என்று சல்லடை சொன்னான். போட்டி நெருங்குகிறது என்று நான்தான் கேட்கவில்லை. அட்டையில் சட்டைகள் சுருண்டு கிடந்தன. படத்தில் தெளிவாகத் தெரியட்டும் என்று ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் நீவினேன். எட்டு வரை முழு நீளம் வந்தது. ஒன்பதாவது பாதியில் நின்றது. பத்தாவதும் பாதிதான்.

இரண்டையும் பிய்த்து எடுத்தேன். ஒன்றின் கிழிந்த ஓரத்தை மற்றதன் ஓரத்தோடு வைத்தேன். பல்லோடு பல்லாகப் பொருந்தியது.

ஒரே சட்டை. உரிக்கும்போது கிழிந்திருக்கிறது. நான் இரண்டு துண்டையும் ஒட்டியிருக்கிறேன். பத்தாவது சுற்றைப் போட்ட பிறகு, எந்தச் சுற்றில் நிற்கிறோம் என்று அட்டையைப் பார்த்திருக்கிறேன். அட்டை பத்து என்றது. பத்தாவதை உரித்தாயிற்று என்று நம்பி, உரிக்காமலே அதன்மேல் பதினொன்றாவதைச் சுற்றிவிட்டேன். அட்டையில் பதினாறு துண்டு, ஆனால் சட்டை பதினைந்துதான். பதினாறாவது சட்டை மட்டும் குழலுக்குள்.

காது அடைத்துக்கொண்டது. பட்டறையில் மூன்று கடைசல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு ஒன்றின் சத்தமும் கேட்கவில்லை. மணி பத்தே முக்கால். போட்டி பத்துக்கு ஆரம்பம்.

"சல்லடை!" என்று கத்தியதாக நினைத்தேன். குரல் வரவில்லை. அவனே என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். இரண்டு துண்டையும் நீட்டினேன். சேர்த்து வைத்துப் பார்த்தான். அவன் முகத்திலும் ஈயாடவில்லை.

"அக்கா, நான் அன்னிக்கே நாணயத்தால தட்டிப் பாத்தேன். நடுவுல ஒரு இடத்துல டப்புனு கேக்குதுன்னு சொன்னேன்."

சொன்னான். காதைக் கழுவிட்டு வா, அட்டையில பதினாறு இருக்குல்ல, கையெழுத்தப் போடு என்றேன் நான்.

குருவியின் போன் அணைந்திருந்தது. சுடும் திடலில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். திடல் அலுவலக எண்ணை யாரும் எடுக்கவில்லை. சல்லடை ஸ்கூட்டரை எடுத்தான். பின்னால் உட்கார்ந்து ஒரு கையால் அவன் சட்டையையும் மறு கையால் அந்த அட்டையையும் பிடித்திருந்தேன். வழியெல்லாம் எனக்கு ஒரே கணக்குத்தான். குருவி சுடும்போது இடது உள்ளங்கை குழலுக்குக் கீழே இருக்கும். கன்னம் துப்பாக்கியில் பதிந்திருக்கும். சிவப்பு விளக்கில் நின்றபோது நான் அழுதுகொண்டிருப்பது பக்கத்து வண்டிக்காரர் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

திடலில் ஒரு விதி உண்டு. ஆபத்தைக் கண்டால், பெருக்க வந்தவர் ஆனாலும், நிறுத்து என்று கத்தலாம். கத்தினால் எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்தாக வேண்டும். வாசலில் தடுத்தவரைத் தள்ளிவிட்டு ஓடினேன். வரிசையாகப் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறாவது பாயில் குருவி. அவள் விரல் விசையில் இருந்தது.

"நிறுத்துங்க!"

என் நீள வாய் அன்று ஒருநாள்தான் உருப்படியாகப் பயன்பட்டது. திடல் மொத்தமும் அடங்கியது. நடுவர் வேகமாக வந்தார்.

"யாரும்மா நீங்க? என்ன ஆபத்து?"

"ஆறாம் நம்பர் குழல். நான்தான் சுத்தினேன். உள்ள ஒரு தாளை உரிக்காம விட்டுட்டேன். என் தப்பு."

குருவி திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரியவில்லை. நடுவர் துப்பாக்கியை வாங்கி, குண்டை எடுத்துவிட்டு, சல்லடை கொடுத்த நாணயத்தால் குழலைத் தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங், டிங். பிறகு டப். அங்கே விரலை வைத்து வெளிச்சத்தில் திருப்பினார். குருவியின் கை தாங்கும் இடத்துக்கு இரண்டு விரல்கடை தள்ளி, தலைமுடி மாதிரி ஒரு கீறல். அவர் துப்பாக்கியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்வாங்கினார்.

அதுவரை குருவி மூன்றாவது இடத்தில் இருந்திருக்கிறாள்! குண்டு எவ்வளவு ஏறுகிறது என்று கணக்குப் பண்ணி, பத்துக்கு ஒருமுறை குறியைத் தாழ்த்தித் தாழ்த்திச் சுட்டிருக்கிறாள். மீதிப் பதினைந்து குண்டை இரவல் துப்பாக்கியில் சுட விட்டார்கள். பழகாத துப்பாக்கி. ஆறாவதாக முடித்தாள்.

ஸ்கூட்டரில் மூன்று பேர் போக முடியாது. ஆட்டோவில் அவளும் நானும் பட்டறைக்கு வந்தோம். குழலை நீளவாக்கில் அறுக்கச் சொன்னேன். சல்லடைதான் அறுத்தான். கருப்புச் சுற்று இரண்டாகப் பிளந்ததும், நடுவில் அது அப்படியே பளபளவென்று கிடந்தது. குருவி நுனி விரலால் இழுத்தாள். எதிலும் ஒட்டாமல் வந்தது.

"திட்டு குருவி. அடிச்சாலும் வாங்கிக்கறேன். உன் இடமே போச்சு என்னால. கை போயிருக்கும், கண்ணு போயிருக்கும்..."

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. "அண்ணி, குண்டு மேல ஏறினது இதனாலயா?"

"இதனாலதான். சூடானா இந்த இடம் விட்டுக்கும், குழல் வளைஞ்சுக்கும்."

"என் கை இல்லையே?"

"இல்ல."

"நல்லாத் தெரியுமா?"

"குருவி, கூடம்தான் கோணல். கட்டினவ நான்."

அவள் தரையில் அப்படியே உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். பிறகு விம்மி விம்மி அழுதாள். இடம் போனதற்கு வராத அழுகை, உயிர் தப்பியதற்கு வராத அழுகை, அந்தக் கைகளைப் பார்த்து வந்தது. மூன்று வாரம் அவள் தன்னைத்தானே எவ்வளவு திட்டியிருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கத்தில் உடம்பு கூசியது. பக்கத்தில் உட்காரவும் தைரியம் வரவில்லை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உருவிய தாளை நான்காக மடித்து என் கையில் வைத்தாள்.

"வீட்டுல அம்மா முன்னாடி, அண்ணன் முன்னாடி சொல்லுங்க அண்ணி. நேத்து சொன்னீங்கல்ல, அதே சத்தத்துல சொல்லணும்."

அன்று மாலை சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.