கடைசிப் பந்தி

"முசியே, எனக்கு இப்போ சோறு வேணும்" என்றேன். "பந்தி நடக்கும்போதே. உட்காந்து."

அருளானந்தம் முசியே கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் கல்லாவில் கைவிட்டிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். அந்த ஓட்டலில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். முன்பணம் கேட்கலாம், மாதா கோயில் திருவிழாவுக்கு லீவு கேட்கலாம். கொடுக்க மாட்டார், ஆனால் கேட்கலாம். விருந்தாளிகள் கை கழுவுவதற்கு முன்னால் சோறு மட்டும் கேட்கக்கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்: "இந்தக் கூரைக்குக் கீழ பசிக்குதுன்னு சொல்ற உரிமை காசு குடுத்தவனுக்கு மட்டுந்தான்."

அவர் சைகோனில் பிரெஞ்சுத் துரைகளின் மெஸ்ஸில் பரிமாறிய சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். பென்ஷனோடு காரைக்காலுக்கு வந்தார். பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம், புதிதாக வந்து சேரும் அதிகாரிகளை நம்பி ஒரு மாடிவீட்டில் ஓட்டல் போட்டார். எல்லோரும் தன்னைப் பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுவதுபோல முசியே என்றுதான் கூப்பிட வேண்டும். ஊரைவிட்டுத் துரை போய்விட்டான் என்று இவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது; இன்னும் எவனுக்கோ பின்னால் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

என் அப்பா விழிதியூரில் அடுத்தவர் வயலில் கூலிக்கு வரப்பு அண்டை வெட்டியவர். எங்கள் வம்சத்தில் முதல் பி.ஏ. நான். டீச்சராகப் போ என்றார்கள். நான் ஓட்டலுக்கு வந்தேன். ஊர் பேசாத பேச்சில்லை. பேசட்டும். அலுத்துச் சலித்து மூட்டையோடு வந்து நிற்பவனை அரைமணியில் சிரிக்க வைப்பது எனக்கு வரும். அவனுக்கு எந்த அறை பிடிக்கும், குழம்பில் எவ்வளவு காரம் தாங்கும் என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. என் கோபமே அதனால்தான்.

காலையில் குடித்த காப்பியோடு, பந்தி முடிகிறவரை நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருவரையும் "சாப்பிடுறீங்களா, வாங்க" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு வயிற்றில் புண். டாக்டர் மருந்துச் சீட்டு எழுதக்கூட அவசரப்படவில்லை. "நேரத்துக்குச் சாப்பிடும்மா. இல்லேன்னா ரத்தமா வாந்தியெடுப்பே" என்றார். அதைத்தான் முசியேயிடம் சொன்னேன்.

"டாக்டருக்கென்ன, அவர் வீட்டுல அவருக்குத்தான் மொத எலை" என்றார் முசியே. பிறகு கூடத்தில் சாப்பிடுகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். "மிக்கேலம்மா, ஒண்ணாந் தேதியிலேர்ந்து ஒன்னை மேனேஜர் ஆக்கலாம்னு இருக்கேன். மேனேஜர்னா என்ன? கடைசிப் பந்தி! அது தண்டனை இல்ல, கௌரவம். எஞ் சகாயத்தப் பாரு. தாலி கட்டுன நாள்லேர்ந்து கடைசிப் பந்திதான். ஒரு நாள் மொகம் சுளிச்சிருப்பாளா?"

பினாங்கிலிருந்து வந்த கூட்டாளியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார் சேக் பரீது மரைக்காயர். ஜவுளி வியாபாரி. எங்கள் ஓட்டலில் கறி தொடமாட்டார், மீன்தான். அவர் தலை நிமிர்ந்தார்.

"முசியே, எங்க நோன்புகூட பொழுது சாஞ்சு மஃரிபு பாங்கு சொன்னா முடிஞ்சு போவுது. ஒங்க நோன்புக்குப் பாங்கு யாரு சொல்றது?"

கூடமே சிரித்தது. எனக்காக ஒருத்தர் வாய் திறந்தாரே என்று நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் மரைக்காயர் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, அந்தக் கொடுவாக் குழம்புல இன்னொரு துண்டு கொண்டாரச் சொல்லேன்."

அவ்வளவுதான் அவருடைய நியாயம். ஒரு மீன் துண்டு வரைக்கும்.

அடுக்களைக்குப் போனேன். முசியேயின் மனைவி சகாயம்மாள் கதவுக்குப் பின்னால், அரிசி மூட்டையை ஒட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கையில் இன்னொரு உருண்டை.

"கதவச் சாத்துடி" என்றார் வாய் நிறையச் சோற்றோடு.

சாத்தினேன். "எவ்வளவு நாளா அம்மா?"

"வாக்கப்பட்ட மறுநாள்லேர்ந்து. மாமியா இருந்தப்பவே."

"முசியேக்குத் தெரியுமா?"

"அவருக்கெதுக்கு? ஆம்பள, பெருமப்பட்டுக்கிட்டுப் போறாரு." நெஞ்சைத் தடவிக்கொண்டு ஏப்பம் விட்டார். "மென்னுக்கிட்டு நிக்கக்கூடாது, முழுங்கிடணும். அப்பறம் கொஞ்சம் சோடா உப்பு. நீ ஏண்டி கூடத்துல போய்க் கேக்கறே, படிச்ச மூதேவி? இங்க வந்தா நான் தரமாட்டனா? மேனேஜர் வேலைய விட்டுடாத. நீ தின்னா நான் காவல் நிக்கிறேன், நான் தின்னா நீ நில்லு."

சொந்த அடுப்பு, சொந்த அரிசி, தான் வடித்த சோறு. அதை இந்த அம்மாள் திருடித் தின்கிறார். திருட்டில் எனக்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறார். அதற்குப் பெயர் கௌரவம், பதவி உயர்வு.

உருண்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்தது. வாய் ஊறியது. என் கை பாதி தூரம் போய்விட்டது. என் முகமும் எப்போதோ சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது என்பதை அப்போதுதான் கவனித்தேன். கையை இழுத்துக்கொண்டேன். அந்த இடத்திலேயே இந்த ஓட்டல் எனக்குத் தீர்ந்துவிட்டது.

மீன் துண்டை எடுத்துப்போய் மரைக்காயர் இலையில் வைத்தேன்.

"என்ன மிக்கேலம்மா, சகாயத்துக்கிட்டக் கேட்டியா?" முசியே விடவில்லை. "என்ன சொன்னா, சொல்லு. நாலு பேரு கேக்கட்டும்."

அடுக்களை வாசலில் சகாயம்மாள் வந்து நின்றார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். இந்த மனுஷர் கூடத்தின் நடுவே அம்மணமாக நிற்பார். ஆனால் ராத்திரி உதை வாங்கப்போவது அவரல்ல, இந்த அம்மாள்.

"அவங்க சொல்ல வேண்டியதச் சொன்னாங்க, முசியே" என்றேன். "எனக்கு இந்த மேனேஜர் வேலை வேணாம். இருக்கற வேலையும் வேணாம்."

"ஒரு பிடி சோத்துக்கா?"

"ஒரு பிடி சோத்துக்குத்தான்."

"பி.ஏ. திமிரு! ஓட்டல் தொழில்ல இதோட ஒனக்கு முடிஞ்சுது, தெரிஞ்சுக்க."

"மாயவரம் ஜங்ஷன்ல, ரயில்வே சாப்பாட்டு அறைக்கு ஆள் எடுக்கறாங்க. அங்க போறேன்."

"அங்க மட்டும் ஒனக்கு மொத எலை போட்டு வச்சிருக்கானா?"

"இருக்காது. அங்கேயும் கேப்பேன்."

மரைக்காயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முள் இருந்தது போலிருக்கிறது, மூடிக்கொண்டார். முசியே பிரெஞ்சில் திட்டத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி வசவுதான். அது முடிகிறவரை நிற்க எனக்கு வேறு வேலை இல்லையா? செருப்பை மாட்டிக்கொண்டு, மாயவரத்துக்கு மாறிக்கொள்ளப் பேரளம் போகும் வண்டிக்கு நேரமாகிவிட்டதா என்று யோசித்தபடி வெயிலில் இறங்கி நடந்தேன்.