இரும்புக்கு வைத்த பொட்டு

"இன்னாங்க இது, இம்மாங் கனம் கனக்குது?"

"பிஸ்டலு. முழுக்க இரும்பு. பழைய பட்டாளத்து மாடல். இப்பல்லாம் சின்னதா, லேசாத்தான் கேக்கறாங்க. இத்த ஒருத்தனும் சீந்தல, அதான் சல்லிசா வந்துது."

"ஒரு படி சாமை கனம் இருக்கும் போல. இத்த வச்சி இன்னாத்தச் சுடப் போறீங்க?"

"காகிதம்."

"காகிதமா! பன்னி வந்து கொல்லையப் பெரட்டிப் போட்டுட்டுப் போவுது, நீங்க காகிதத்தச் சுடுங்க. மலையே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சுடறதா பெருசு? கை நடுங்காம நிக்கணும், அதான் வேலயே. ஒரு நாள் வந்து பாத்தீன்னா தெரியும்."

அப்போது காந்தா ஒன்று கேட்க வாயெடுத்தாள். உள்ளே தூளியில் செல்லி வீறிட்டு அழுதாள். பிள்ளையைத் தூக்க ஓடியவள், கேட்க வந்ததை அப்படியே விழுங்கிவிட்டாள்.

அது எழுபத்தேழாம் வருஷம். அவள் புருஷன் பஞ்சாட்சரம் பட்டாளத்திலிருந்து வந்து, ஜமுனாமரத்தூரில் புளியும் தேனும் கொள்முதல் செய்யும் சொசைட்டியில் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. ஊரில் துப்பாக்கி என்றால் பன்றி விரட்டும் நாட்டுத்துப்பாக்கிதான். காகிதத்தைச் சுடுவதற்கென்றே ஒருவர் லைசென்ஸ் வாங்கி, கண்ணமங்கலம் தாண்டிக் கல்லுடைத்த பள்ளத்தில் இருந்த ரைபிள் கிளப்புக்கு ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போவது எல்லாருக்கும் வேடிக்கை. காந்தாவுக்கும்தான். ஆனால் அவர் திரும்பி வரும்போது முகம் கழுவி விட்டாற்போல் இருக்கும். அந்த முகத்தை அங்கேயே பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆம்பிளைங்க இடத்தில் உனக்கென்ன வேலை என்று கேட்டுவிடுவாரோ என்று அதை உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

செல்லி போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான். காலையில் பிள்ளைக்கு மேல் லேசாகச் சுட்டது. "சாதாரண சூடுதான், நீங்க போய்ட்டு வாங்க" என்று காந்தாவே அனுப்பி வைத்தாள். மத்தியானம் பிள்ளைக்கு இழுப்பு வந்தது. அடுத்த பஸ்ஸில் போளூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் இவள் பஸ் ஒதுங்கி நிற்க, மேலே ஏறும் பஸ் உரசினாற்போல் கடந்து போனது. அதில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அது அப்போது தெரியாது. மடியிலிருந்த பிள்ளை அசையாமல் போனது மட்டும் தெரிந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். காந்தா களி கிண்டினாள், புளி ஆய்ந்தாள், தண்ணீர் எடுத்தாள். கை செய்தது, அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்பில் உப்பு இல்லையென்றாலும் அவர் சாப்பிட்டார், அதிகமானாலும் சாப்பிட்டார். பிஸ்டல் பெட்டிக்குள் கிடந்தது. அவர் தொடாமலேயே ஒரு வருஷம் போன பிறகு ஒரு நாள், "லைசென்ஸ சும்மா வச்சிக்கினு இருப்பாங்களா? போய்ட்டு வாங்க" என்று இவளே சொன்னாள். சொன்ன பிறகுதான் அதே வார்த்தை என்று உறைத்தது. அவர் போனார். திரும்பி வந்தபோது முகம் முன்போல இல்லை. வெறுமே போய் வந்த முகம்.

இந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. சாவு விழுந்த வருஷம் பண்டிகை கொண்டாடவில்லை, அடுத்த வருஷம் மனசில்லை. இந்தத் தடவை பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் சந்தனக் கிண்ணத்தைக் கொண்டு வந்து, "மிச்சம் கீது, வச்சிக்க" என்று கொடுத்துவிட்டுப் போனாள். காந்தா அரிவாள்மனைக்குப் பொட்டு வைத்தாள். மண்வெட்டிக்கு வைத்தாள். கடப்பாரை, கொத்து, தராசு என்று வீட்டிலிருந்த இரும்புக்கெல்லாம் வைத்துக்கொண்டே போனாள். பஞ்சாட்சரம் பெஞ்சில் எண்ணெய்த் துணி விரித்து, குண்டுகளையெல்லாம் எடுத்துப் பெட்டியில் பூட்டிவிட்டு, துடைத்த பிஸ்டலைத் துணி மேல் வைத்திருந்தார். அவர் குளிக்கப் போயிருந்தார். அதுவும் இரும்புதானே. மேலே பின்பக்கம் ஒரு சின்னப் பள்ளம், மாட்டின் நெற்றி மாதிரி பொட்டுக்கென்றே விட்டாற்போல் இருந்தது. விரலால் சந்தனத்தை அதில் அழுத்தி, நடுவில் குங்குமம் வைத்தாள்.

அவர் வந்தார். பார்த்தார். அப்படியே துணியில் சுற்றி உள்ளே கொண்டு போனார். கோபம் போலிருக்கிறது என்று காந்தா நினைத்தாள். நினைத்ததோடு சரி.

ஐப்பசி பிறந்து ஒரு நாள், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பிஸ்டல சுப்பிரமணி கேக்கறான். குடுத்துடலாம்னு கீறேன்."

"ஏன்?"

"அத்தப் பாத்தாலே உனக்கு மூஞ்சி கல்லாட்டம் ஆயிடுது. எதுக்கு வூட்ல?"

எல்லாவற்றுக்கும் முகம் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். "உங்க இஷ்டம்" என்றாள். அதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் அவர் எழுந்து போகவும் திரும்பி வரவும் ஒரு காரணம் மிச்சமிருக்காது என்று தெரிந்தது. தெரிந்தும் வலிக்கவில்லை. காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்த பிறகு ஊன்றினால் தரை தெரியாதே, அந்த மாதிரி இருந்தது.

ஞாயிறு காலை பஸ்ஸில் சுப்பிரமணி வந்து இறங்கினார். கண்ணமங்கலத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், கிளப்பில் பஞ்சாட்சரத்துக்குக் கூட்டாளி. இவர் பிஸ்டலை எடுத்துக் காலி என்று திறந்து காட்டி பெஞ்சில் வைத்துவிட்டு, லைசென்ஸை சொசைட்டி மேஜையில் வைத்திருப்பதாகச் சொல்லி எடுத்து வரப் போனார்.

"இன்னாம்மா தங்கச்சி, மலையில குளிரு பல்லப் பேத்துடும் போல கீதே. டீ போடு, கூடவே சக்கரையும் போடு. போன தடவ நீ குடுத்ததக் குடிச்சிட்டு கஷாயம்னு நெனச்சிட்டேன்."

"சரிண்ணே."

டீயை வாங்கிக் குடித்துவிட்டு அவர் பிஸ்டலை எடுத்துக் கையை நீட்டிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஐய, இன்னும் அப்படியே வச்சிக்கினு கீறான் பாரு, பைத்தியக்காரன்!"

"இன்னாதுண்ணே?"

"இந்தப் பள்ளம் தெரியுதில்ல? இதுக்குள்ளாறத்தான் முன்னால கீற முள்ளப் பாக்கணும். ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சாத்தான் குறி. உன் வூட்டுக்காரன் இதுல சந்தனத்த அப்பிக்கினு வந்து நிக்கறான். ஒண்ணுமே தெரியாது, சொவுத்தப் பாத்துச் சுடற மாதிரி. கிளப்புலயே நல்லா சுடறவன், நாலு ஞாயித்துக்கெழமயா மண்ணத்தான் சுட்டுக்கினு கீறான். பசங்க எல்லாம் 'அண்ணனுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்கடா'ன்னு ஓட்டறானுங்க."

காந்தா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தொடச்சி வுடறேன்டான்னு துணிய எடுத்தேன். கையத் தட்டி வுட்டுட்டான். சுத்தி எல்லாம் எண்ணெ போட்டு வச்சிக்கினு கீறான், துரு ஏறக்கூடாதுன்னு. பொட்ட மட்டும் தொடல. ஏண்டான்னா சொல்றான், 'பொண்ணு போனப்புறம் அவளா எம் பொருள ஒண்ணத் தொட்டது இதான்டா. நான் அழிக்க மாட்டேன்.' இதுக்கு நான் இன்னாத்தச் சொல்ல?"

சுப்பிரமணி தொண்டையைச் செருமினார். சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் டம்ளரைப் பார்த்தார்.

"சரி, இப்ப நான் வாங்கிக்கினு போறவன். எனக்குக் குறி தெரியணுமில்ல? ஈரத்துணி ஒண்ணு குடும்மா."

துணி காந்தாவின் கைக்கெட்டும் கொடியில்தான் தொங்கியது. அவள் எடுக்கவில்லை. பெஞ்சருகே வந்து பிஸ்டலைப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து வெடித்து, குங்குமம் கறுத்து, அவள் விரல்ரேகை அப்படியே அதில் பதிந்திருந்தது. தொட்டாள். இரும்பு சில்லென்றிருந்தது. சில்லென்று இருப்பது தெரிந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். பஞ்சாட்சரம் லைசென்ஸோடு உள்ளே வந்தார். இருவரையும் பார்த்துத் தயங்கினார்.

"இன்னாடா, புடிச்சிருக்கா?" என்று கூட்டாளியைக் கேட்டார். பிறகு இவள் பக்கம் திரும்பினார். "இன்னா காந்தா?"

காந்தா முந்தானையை எச்சிலால் நனைத்தாள். பள்ளத்திலிருந்த சந்தனத்தை அவளே, பிள்ளைக்குக் கண்மை வழிந்தால் துடைப்பது போல, கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தெடுத்தாள். முந்தானையில் சிவப்பாக ஒட்டியது. பஞ்சாட்சரம் தடுக்கக் கையை நீட்டி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"இனிமே தெரியும், சுடுங்க" என்றாள்.

"குடுக்கறேன்னு சொல்லிட்டனே..."

"அண்ணன் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாரு." சுப்பிரமணி அவசரமாகத் தலையை ஆட்டினார்.

தூளியில் செல்லி அழுத அன்றைக்கு விழுங்கியது இன்னும் உள்ளேயேதான் இருந்தது போலும்.

"இனிமே நீங்க ஒரு பஸ்ல, நான் ஒரு பஸ்ல வேணாங்க" என்றாள். குரல் யாருடையதோ போலக் கரகரத்தது. "வர ஞாயித்துக்கெழம என்னையும் கூட்டிக்கினு போங்க."