நாற்பத்தொரு பேர் குடியிருக்கும் அறை

...மின்விசிறியைப் பார்க்காதே என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம், சொல்லாமல் விட்டது தப்பு, நகைக்கடைக்காரர்களுக்கு மேலே பார்ப்பவர்களைக் கண்டாலே ஆகாது, கூரையில் எந்த இடம் மெல்லிசு என்று அளவெடுக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். கீழே பார்த்தால் திருட்டு முழி, நகையைப் பார்த்தால் பேராசை, நகையைப் பார்க்கவே இல்லையென்றால் அது எல்லாவற்றையும்விட மோசம், பயிற்சி எடுத்தவள் என்று அர்த்தம். "அப்ப எங்கதான் பார்க்கிறது, கண்ணைக் கழட்டி உங்ககிட்டக் குடுத்துட்டுப் போகவா அண்ணா?" என்று சலோமி பஸ்ஸில் கேட்டபோது பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துவிட்டார், ஏசோபுவுக்குச் சிரிப்பு வரவில்லை, கொடுத்துவிட்டுப் போனால் என்ன, பத்திரமாக வைத்திருக்கமாட்டோமா என்று தோன்றியது, அதற்குள் அந்த 'அண்ணா' வந்து காதில் விழுந்துவிட்டது. அவள் இந்த நகைக்கடையின் மாடியில் மேனேஜர் அறைக்குப் போய் இருபது நிமிஷம் ஆகிறது. பில் போடும் வேலை. அவளோ பி.காம்., முதல் வகுப்பு. குண்டூர் பஜாரில் இதற்கு முன் தானாகவே ஏழு கடை ஏறி இறங்கியிருக்கிறாள், ஏழிலும் சான்றிதழைப் பார்த்து முகம் மலர்ந்தவர்கள் விலாசத்தைப் பார்த்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்றுவரை யாரும் சொல்லியும் அனுப்பவில்லை, அனுப்பியும் சொல்லவில்லை.

ரெல்லுபாலெம் என்று எழுதினால் அப்படித்தான். வெள்ளைக்காரன் காலத்தில் எருகுல ஜனங்களைப் பிடித்துவந்து ஓரிடத்தில் போட்டு, இவர்கள் பிறவியிலேயே திருடர்கள் என்று சட்டமும் போட்டு, மணியடித்தால் வரிசையில் நின்று நோட்டில் கைநாட்டு வைக்கச் சொன்ன ஊர். சட்டத்தை எடுத்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, எடுத்த சேதி மட்டும் குண்டூர் பஜாருக்கு இன்னும் வந்து சேரவில்லை, பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஏசோபுவும் அந்த ஊர்தான், அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அந்த ஊர் ஆட்களுக்கு வேலை தேடித் தருவதற்கென்று ஒரு தொண்டு நிறுவனம் அவனுக்கு வேலை கொடுத்திருந்தது. வேலைவாய்ப்புக்குத் தடையாக இருப்பது எதுவெனக் கண்டறிந்து களைக என்று அவர்களுடைய கையேட்டில் போட்டிருந்தது. கண்டறிந்தான், ஊரின் பெயர். களைந்தான். அந்த இடத்தில் தன் வாடகை அறையின் விலாசத்தை எழுதவைத்தான், தெனாலி, பழைய பஸ் நிலைய வீதி, கதவு எண் 7-3-18. ஒருத்தருக்கு எழுதினான், பலித்தது, இன்னொருத்தர் வந்தார், அவர் மைத்துனர் வந்தார்... இப்போது சலோமியோடு சேர்த்து நாற்பத்தொரு பேர் அந்த ஒற்றை அறையில் குடியிருக்கிறார்கள், காகிதத்தில். விசாரிக்க வந்த கான்ஸ்டபிள் ஒரு பாய், ஒரு ஸ்டவ், ஒரு ஜோடிச் செருப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, மத்தவங்கல்லாம் எங்க?" என்றார். "டூட்டிக்குப் போயிருக்காங்க சார்." அது பொய்யில்லை, பெரும்பாலும்.

ஆனால் சாயங்காலம் கதவைத் திறந்தால் அவன் ஒருத்தன்தான். நாற்பத்தொரு பேருக்குத் தபால் வருகிற வீட்டில் கோங்குராக் கீரையில் உப்பு கூடிப்போச்சு என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. அவர்கள் எல்லோரும் ஒருநாள் நிஜமாகவே வந்துவிட்டால் யாரை எங்கே படுக்கவைப்பது என்று யோசித்துப் பார்ப்பான், பிரபுதாசு குறட்டை விடுவான், அவன் வாசலோரம், சுவார்த்தம்மாவும் தங்கையும் அடுப்பு மேடைக்குக் கீழே, மரியதாசு சுவரில் சாய்ந்துகொள்ளட்டும், இளவயசுதானே... முப்பத்தொன்பது நாற்பது என்று அறை நிரம்பி வழியும், ஜன்னலோரம் மட்டும் காலியாக இருக்கும், அங்கே யாரையும் அவன் படுக்க விட்டதில்லை. போன வாரம் அவளுக்கு இந்த இன்டர்வியூக் கடிதம் வந்தது, உறையின்மேல் அவள் பெயர், அதன் கீழே அவன் கதவு எண், அச்சடித்த எழுத்தில், ஒரு வீட்டுக்காரியின் பெயரைப்போல. மூன்று நாள் தலையணைக்கடியில் வைத்திருந்தான். தபால் லேட்டும்மா என்றான். "உங்க ஊர்த் தபால்காரர் என்ன நடந்தா வர்றாரு, தவழ்ந்தா?" என்று அவள் கேட்டாள், இவன் தபால்காரரைக் கொஞ்சம் திட்டவும் செய்தான். பாவம், அவர்.

வேலை கிடைக்கவேண்டும், கிடைத்தே ஆகவேண்டும், அவள் அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை... கிடைத்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். பிரபுதாசு பாங்க் வாசலில் காவலாளி ஆனான், ஒரு மாசம் கழித்து எதிரே போய் நின்றால் இவனைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்க்கிறான், மழை வருமா என்பதுபோல, வைகாசி வெயிலில். தப்புச் சொல்ல முடியாது, ஏசோபுவைத் தெரியும் என்றால் ரெல்லுபாலெத்தைத் தெரியும் என்று ஆகிவிடும். எல்லோரும் அப்படித்தான். சலோமியும் ஒருநாள் இதே பஜாரில் சக ஊழியர்களோடு சிரித்துக்கொண்டு வருவாள், அவனைப் பார்ப்பாள், அப்புறம் மேலே பார்ப்பாள். மேலே பார்க்காதே என்று சொல்லிக்கொடுத்தது அப்போது மட்டும் மறந்துபோகும். கிடைக்காவிட்டால் அடுத்த திங்கட்கிழமையும் வருவாள், அவன் ஆபீஸின் உடைந்த நாற்காலியில் உட்கார்ந்து, எட்டாவது கடையும் போச்சு அண்ணா என்பாள்... சீ, என்ன நினைப்பு இது, இதற்கா சம்பளம் வாங்குகிறான்?

"மேல போயிருக்கிறது உங்க வீட்டுக்காரம்மாவா தம்பி?" என்றார் கடைக் காவலாளி கொண்டையா, மேசைமேல் கிடந்த வருகைப் பதிவு நோட்டைத் தட்டி. "ரெண்டு பேருக்கும் ஒரே விலாசமா இருக்கு, அதான் கேட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா இந்த ரெட்டைக் கோடு தெரியும். மேல இருக்கறதேதான்னு அர்த்தம்."

உள்ளே வரும்போது அவள் எழுதிய வரிக்குக் கீழே விலாசக் கட்டத்தில் இரட்டைக் கோடு போட்டிருந்தான், ஒவ்வொரு ஆளோடும் ஒவ்வொரு கடையிலும் போடுவதுதான், எல்லாரும் எழுதுவது அவன் அறையைத்தானே, நோட்டைப் பார்த்துக்கூடப் போடுவதில்லை. இல்லை, வீட்டுக்காரி இல்லை என்று சொல்ல வாய் திறந்தான். "இன்டர்வியூ ரொம்ப நேரமா நடக்குதே" என்று வந்தது.

"நேரமானா நல்லது. இல்லேன்னா அஞ்சு நிமிஷத்துல இறக்கி விட்டுருவாரு."

அவள் படியில் இறங்கி வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அவன்தான் முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது என்று ஒரு மாசம் பழக்கினான், இப்போது அவனுக்கே தெரியாமல் போய்விட்டது.

"என்ன கேட்டாரு?"

"உங்க ரூமைத்தான் கேட்டாரு. இதே கதவு நம்பர்ல இதுக்கு முன்னாடி மூணு பேரு வந்தாங்களாம். அது என்ன ஹாஸ்டலா, மொத்தம் எத்தனை பேரு இருக்கீங்கன்னாரு. நாப்பத்தொரு பேரு சார், நான் நின்னுக்கிட்டேதான் தூங்குறேன்னேன்."

"அடிப்பாவி."

"சிரிச்சாரு அண்ணா. அப்புறம் நிஜத்தைச் சொல்லுன்னாரு. சொல்லிட்டேன்."

"எதை?"

"ரெல்லுபாலெம்னு. அப்புறம் கால்குலேட்டரைத் தள்ளி வச்சுட்டு ஒரு சேதாரக் கணக்குக் குடுத்தாரு, போட்டுக் காட்டினேன். லெட்டர் அனுப்புறேன்னு சொல்லியிருக்காரு."

"எந்த விலாசத்துக்கு?"

"எங்க வீட்டுக்குத்தான். எங்க ஊருக்குக் கோர்ட் சம்மனைத் தவிர வேற எதையும் அந்தத் தபால்காரரு தூக்கிட்டு வந்ததில்ல. ஒரு தடவ வரட்டுமே." வந்தால், என்று அவளும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. அவள் செருப்பைத் தேடி வாசலுக்குப் போய்விட்டாள்.

அப்படியானால் இனி அவள் பெயரில் உறை வராது. நல்லதுதானே, நல்லதுதான், கையேட்டின் முதல் பக்கத்திலேயே போடவேண்டிய சங்கதி... எதற்கு ஜன்னலோரம் நினைவுக்கு வருகிறது? "போற நேரம் போட்டுட்டுப் போங்க தம்பி" என்று கொண்டையா நோட்டைத் திருப்பி வைத்தார். ஏசோபு பேனாவை எடுத்தான். அவளுடைய உருண்டையான எழுத்து, சலோமி, பி.காம்., அந்த நோட்டில் பட்டத்தையும் எழுதியவள் அவள் ஒருத்திதான், அதற்குப் பக்கத்தில் விலாசக் கட்டத்தில்... 7-3-18 இல்லை. ரெல்லுபாலெம். மாடி ஏறுவதற்கு முன்பே, யாரும் கேட்பதற்கு முன்பே எழுதிவிட்டுத்தான் போயிருக்கிறாள். அதன் கீழே ஏசோபு. அவனுக்கு நேரே அவனே போட்ட இரண்டு சின்னக் கோடு.

பதினொரு வருஷமாக ஒரு காகிதத்திலும் எழுதாத பெயர். அடித்துவிட ஒரு கோடு போதும், மேலே தெனாலி என்று எழுதிவிடலாம், கொண்டையாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் மேனேஜர் பார்ப்பார், அடுத்த வாரம் நாற்பத்திரண்டாவது ஆளைக் கூட்டிக்கொண்டு இதே பஜாருக்குத்தான் வரவேண்டும்... "அண்ணா, மிர்ச்சி பஜ்ஜி வாங்கித் தர்றேன்னீங்களே, சும்மா சொன்னதா?" என்று வாசலில் இருந்து குரல் வந்தது. இதோ என்றான். எத்தனை விண்ணப்பம், எத்தனை உறை, எத்தனை நோட்டு, அவளும் அவனும் ஒரே விலாசத்தில் இருப்பதாக எழுதியது, அதில் பொய்யில்லாத காகிதம் இது ஒன்றுதான் போலிருக்கிறது. பேனா முனை அந்த இரண்டு கோட்டுக்கு மேலேயே நின்றது. "நேரம் மட்டும் போடுங்க தம்பி, மத்ததெல்லாம் நீங்கதான் போட்டாச்சே" என்றார் கொண்டையா. நேரமா, மணி என்ன ஆகிறது இப்போது?