பிளக் இல்லாமல் எரிந்த மானிட்டர்

ஆமத்தூர் அகஸ்டின் வீட்டில், பிளக்கைப் பிடுங்கி மூலையில் போட்டிருந்த மானிட்டர் ஒன்று ஒரு வருடம் கழித்துத் தானாக எரிந்தது. ஆவணி மாத ஞாயிறு, கோயில் முடிந்து வந்து அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்த நேரம். கரண்டும் அப்போது கிடையாது. சூலக்கரைப் பக்கம் லைன் வேலை என்று காலையிலேயே நிறுத்தியிருந்தார்கள்.

அகஸ்டின் சிவகாசி அச்சகங்களுக்கு மானிட்டர் பழுது பார்க்கிறவர். பட்டாசு லேபிள் போடுகிற திரை சீசன் நேரத்தில் அணைந்துவிட்டால் முதலாளிமார் அவர் வீட்டு வாசலுக்கே கார் அனுப்புவார்கள். பெரும்பாலும் வியாதி ஒன்றுதான்: உள்ளே மின்சாரத்தைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற கெப்பாசிட்டர் தலை உப்பிப்போயிருக்கும். கழற்றிப் போட்டுப் புதுசு வைத்தால் செத்த திரை பிழைத்துக்கொள்ளும். இப்படி ஊரெல்லாம் பிழைக்க வைத்த மனிதர் சொந்த மகளோடு மூன்று வருடமாகப் பேசவில்லை. பெர்சிஸ் மஸ்கட்டில் நர்ஸ். மல்லாங்கிணறு மகேஷ்குமாரை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள், அதுதான் குற்றம். அகஸ்டின் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஞாயிறுதோறும் அவள் கம்ப்யூட்டரில் கூப்பிடுவாள். அம்மா ஞானபூரணிக்கு எதையும் அமுக்கத் தெரியாது என்பதால் மானிட்டர் தலையில் கேமரா மாட்டி, அழைப்பு தானாகத் திறந்துகொள்ளும்படி செய்து வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து அகஸ்டின் வெளியே போய்விடுவார். போன வருடம் ஆவணியில் அந்த மானிட்டரும் செத்தது. அவர் பெட்டியில் அதற்கு வேண்டிய ஆயிரம் மைக்ரோஃபாரட் அளவுக் கெப்பாசிட்டர் தீர்ந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை கடையும் இல்லை. இரண்டாயிரத்து இருநூறு கிடந்தது. கூடப் போட்டால் குறைந்தா போகும் என்று அதையே வைத்துப் பற்றவைத்தார். பச்சை விளக்கு எரிந்தது, படம் வரவில்லை, சத்தமும் இல்லை. கறுப்புத் திரைக்கு நேர் எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். கைத்தொழில் சொந்த வீட்டில் பொய்த்த ஆத்திரத்தில் பிளக்கைப் பிடுங்கினார்.

அதற்குப் பிறகு பெர்சிஸ் கம்ப்யூட்டரில் கூப்பிடவில்லை. அம்மாவிடம் போனில் மட்டும் பேசினாள், காரணம் சொல்லவில்லை. அடுத்த மாதம் பெண் குழந்தை பிறந்தது. ஐஸ்வர்யா என்று பேர் வைத்தார்கள். அகஸ்டின் அதைப் பிடித்துக்கொண்டார். "பேர் வைக்க என்னை ஒரு வார்த்தை கேட்டாளா?" என்று டீக்கடையிலும் அச்சகத்திலும் கேட்டுக்கொண்டே திரிந்தார். கிறிஸ்துமஸ் லீவில் குழந்தையோடு வாசல் வரை வந்தவளுக்குக் கதவைத் திறக்கவில்லை. சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. ஞானபூரணி ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டிப் பேத்தியின் காலை மட்டும் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவர்கள் மல்லாங்கிணற்றுக்கே திரும்பிப் போனார்கள்.

அவள் கேட்கவே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அந்த வார்த்தைதான் இப்போது தானாக எரிந்த மானிட்டரில் வந்தது. திரையில் பெர்சிஸ், நிறைமாத வயிறு, பின்னால் சுவரில் போன வருடத்துக் காலண்டர். மானிட்டரிலேயே இருக்கிற ஸ்பீக்கரில் அவள் குரல்.

"அப்பா, நீங்களா உக்காந்திருக்கீக? என்னைத்தான பாக்கீக?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பிள்ளைக்கு நீங்கதான்ப்பா பேர் வைக்கணும். வேற எதுவும் கேக்கல. ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். முகம் மெல்ல வாடியது. போன வருடம் பிளக்கைப் பிடுங்கிய அந்த நொடி வந்ததும் திரை அணைந்தது. பிடித்துவைத்ததைக் கெப்பாசிட்டர் விட்டுவிட்டது, அவ்வளவுதான். அன்றைக்கே காதில் விழுந்திருந்தால் வாய் திறந்திருப்பாரா என்பது அவருக்கே தெரியாது. அதை நினைத்துத்தான் அகஸ்டின் அழுதார். குழம்பு அடிப்பிடித்தது, ஞானபூரணி எழுந்து போகவில்லை.

அவளுடைய போனை வாங்கி மஸ்கட்டுக்கு அவரே கூப்பிட்டார்.

"நீ கேட்டது இப்பத்தான் தாயி கேட்டுச்சு."

"என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டேதானப்பா பிடுங்கினீக" என்றாள் பெர்சிஸ்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள் அவள்.

"எம்புட்டுப்பா போட்டீக?"

"ஆயிரத்துக்குப் பதிலா ரெண்டாயிரத்து இருநூறு."

"அப்ப ஒரு வருசம் பிடிச்சு வைக்கும்தான்" என்றாள். "ஆனா பேருதான் வச்சாச்சேப்பா."

"நல்ல பேருதான் தாயி" என்றார்.

இப்போது மானிட்டரை மறுபடி மாட்டியிருக்கிறார்கள், அவளும் ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள். அங்கே இவர்களை உடனே பார்க்க முடிகிறது. இங்கே திரை கறுப்பாகவே இருக்கிறது. சரியான கெப்பாசிட்டரை வாங்கிப் போடச் சொல்லி ஞானபூரணி சண்டை பிடிக்கிறாள். கழற்றினால், மகள் சொன்னது வேறு ஏதாவது உள்ளே தங்கியிருந்து போய்விடுமோ என்று அகஸ்டினுக்குப் பயம். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கறுப்புத் திரைக்கு எதிரே உட்கார்ந்து, ஐஸ்வர்யா, ஐஸ்வர்யா என்று கூப்பிட்டுக் கையாட்டுகிறார். அவள் பதிலுக்குக் கையாட்டினாளா என்பது அடுத்த வருடம் தெரியும்.