ஏழு பாத்திரங்கள்

"இந்த வீடு ஒரு சொட்டு ஒழுகினதில்லம்மா" என்றாள் வீட்டுக்காரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையிலிருந்து வந்திருந்த பொறியாளர் பெண், கூடத்துக் கூரையின் பழுப்புக் கறையைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்காரியின் கணவர், கட்டடக் கலைஞர், தானே வரைந்து கட்டிய வீடு அது. ஓடு கிடையாது, நடுவில் ஒரு தூண் கிடையாது. தட்டையான கான்கிரீட் கூரை, தெருப்பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். தெருவே 'தீப்பெட்டி' என்று சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? போதாக்குறைக்கு முதல் மழைக்கே ஏழு இடத்தில் ஒழுகியது. மனுஷர் உடைந்துபோவாரே என்று, அவர் வேலையிலிருந்து வருவதற்குள் சொட்டுகிற இடங்களில் வைத்த பாத்திரங்களை ஒளித்து, தரையைத் துடைத்து, ஒன்றும் தெரியாதவள் போல நிற்பாள். அவர் வீட்டிலிருக்கும்போது மழை பிடித்தாலோ, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வரைய உட்கார்ந்துவிடுவார். அவள் அதிர்ஷ்டம் அப்படி.

வெளியே போன நாளில் அவர் ஆடி அசைந்துதான் வருவார். கையில் குடை இருக்கும், ஆனால் எதிர்க்கடை வாசலில் ஒதுங்கி நிற்பார். மழை விட்டுக் கால் மணி கழித்துத் தெருவைக் கடந்து, வாசல் மிதியடி தேயத் தேயச் செருப்பைத் துடைப்பார். "நாலு எட்டு வைக்கறதுக்கு இவ்ளோ நேரமா? குடை என்ன அழகுக்கா?" என்று திட்டுவாள்.

"ஒழுகலன்னா, பழுதுபார்க்க வேண்டாம்னு எழுதிடுவேன்மா" என்றாள் பொறியாளர். "ஆனா உள்ள கம்பி துருப்பிடிச்சு நாளைக்குக் கூரை இறங்கிட்டா, இடிக்கச் சொல்லிடுவாங்க. அப்புறம் பாதுகாக்க வீடே இருக்காது."

அவர் பெயரா, அவர் வீடா? வீட்டுக்காரி சமையலறைக்குள் போனாள். குடம், அண்டா, வாளி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, மேலே பார்க்காமலே இடம் பிசகாமல் வைத்தாள். கடைசியாகப் பால் சட்டி, ஜன்னலோரத்தில்.

"அவருக்குத் தெரியாது. தெரியாமலே போய்ச் சேர்ந்துட்டார். கொஞ்சம் பார்த்து எழுதுங்க."

பொறியாளர் பாத்திரங்களை எண்ணினாள். பிறகு, அவருடைய பழைய அலுவலகத்திலிருந்து வாங்கி வந்திருந்த இந்த வீட்டின் வரைபடத்தைப் பிரித்தாள்.

"இதுல ஏழு வட்டம் இருக்கும்மா. விளக்குன்னு நினைச்சேன். பக்கத்துல ஏதோ பொடியா எழுதியிருக்கார், பாருங்க."

வீட்டுக்காரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். பென்சிலில், அவர் கையெழுத்து. குடம். அண்டா. வாளி. ஜன்னலோர வட்டத்தில், பால் சட்டி. அடியில் ஒரு வரி: 'கூரைச் சரிவு போதவில்லை. என் தவறு. அடுத்து வரையும் வீட்டில் திருத்த வேண்டும். இவளிடம் கேட்க வேண்டாம், பாவம்.'

அவள் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். இவ்வளவு பெரிய கண்ணாடி. எதிர்க்கடை வாசலில் நிற்கிற ஆளுடைய சட்டைப் பொத்தான்கூட இங்கிருந்து தெரிந்தது.

"துடைச்சு முடிக்கிற வரைக்கும் நின்னிருக்கார்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏழு இடம்னே எழுதிக்குங்கம்மா. அவர் சரியாத்தான் வரைஞ்சிருக்கார்."